எந்த லினக்ஸ், எதனால்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் செயலி என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும் என்கிறது. முத்தாபுதுப்பேட்டையிலும் அதை ஒட்டிய மிட்டனமல்லி, பட்டாபிராம் பகுதிகளிலும் வீட்டு அலமாரிகளில் இருக்கும் பழைய கணினிகள் பல இந்தச் சோதனையில் தேறாது. அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப், ஆவடி தொழிற்சாலையில் ஓய்வுபெற்றவர் பணிக்காலத்தில் வாங்கிய டெஸ்க்டாப், பத்து வருடத்துக்கு முன் ரிட்சி தெருவில் சேர்த்துக் கட்டிய சிஸ்டம் எல்லாம் இந்த வகைதான். இன்னும் ஓடக்கூடிய நல்ல பொருள்கள் இவை.

லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். சரி என்று தலையாட்டியவுடன் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. எந்த லினக்ஸ்? உபுண்டுவா, மின்ட்டா, டெபியனா, ஃபெடோராவா, சென்னையிலேயே உருவான பாஸா? எல்லாமே இலவசம், எல்லாமே திறந்த மூலம். எல்லாவற்றிலும் அதே ஃபயர்பாக்ஸ், அதே லிப்ரெஆஃபிஸ். பிறகு ஏன் ஒருவர் இதையும் இன்னொருவர் அதையும் இத்தனை உறுதியாகப் பிடித்துக்கொள்கிறார்கள்? ரசனை வேறுபாடு என்று ஒதுக்கிவிடக் கூடிய கேள்வி இல்லை இது. தமிழ்நாடு அரசே பத்தாண்டுக்குள் இதற்கு இரண்டு வெவ்வேறு விடைகளைச் சொல்லிவிட்டது. இரண்டுமே வீடுகளில் வேர் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று பார்த்தால், மக்கள் ஓர் இயங்குதளத்தை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது புரிந்துவிடும்.

முதலில் அடிப்படை, ஒரு பஸ்ஸை வைத்து. அசோக் லேலண்ட் எண்ணூரில் சேஸிஸ் செய்து அனுப்புகிறது. கரூரில் பாடி கட்டுகிறார்கள். ஒரே சேஸிஸின் மேல் டவுன் பஸ்ஸும் ஏறும், படுக்கை போட்ட தொலைதூர வண்டியும் ஏறும். லினக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் சேஸிஸ் மட்டும்தான் லினக்ஸ். 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அந்தக் கர்னல், செயலியையும் நினைவகத்தையும் வன்தட்டையும் ஆள்கிறது. அதன் மேல் திரை, மெனு, எழுத்துரு, உலாவி, புதிய மென்பொருளைக் கொண்டுவரும் வழி ஆகியவற்றைப் பொருத்தி ஒரு முழு இயங்குதளமாக நம் கையில் தருபவர்கள் வேறு. அவர்கள் தருவதைத்தான் விநியோகம் அல்லது டிஸ்ட்ரோ என்கிறோம். டெபியன் 1993-இல் தொடங்கிய தன்னார்வலர் கூட்டமைப்பு. டெபியனை எடுத்து மெருகேற்றி 2004-இல் வந்தது உபுண்டு. அதன் பின்னால் மார்க் ஷட்டில்வொர்த்தின் கனானிக்கல் நிறுவனம் நிற்கிறது. உபுண்டுவை எடுத்து 2006-இல் வந்தது லினக்ஸ் மின்ட். பாஸும் டெபியனின் பிள்ளைதான். ரெட் ஹேட், ஃபெடோரா ஒரு குடும்பம்; சூசே இன்னொரு குடும்பம்.

ஆகவே ஒரு லினக்ஸை விட்டு இன்னொன்றை ஒருவர் விரும்புகிறார் என்றால், பெரும்பாலும் அவர் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கவில்லை. தனக்கு அதைக் கட்டிக் கொடுத்துப் பராமரிக்கும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார். அவர்கள் எத்தனை வருடம் கூட வருவார்கள், எதை முன்கூட்டியே பொருத்தித் தருவார்கள், மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்பது என்பவைதான் அங்கே எடை போடப்படுகின்றன.

இந்தியாவில் இந்தத் தேர்வின் கதையை அது வீட்டுக்கு வந்துசேர்ந்த வழியிலிருந்தே சொல்லலாம். 1990-களின் பிற்பாதியில் பலருக்கு லினக்ஸ் கிடைத்தது பிசிக்வெஸ்ட் இதழோடு வந்த குறுந்தகட்டில். அதில் வந்தவை பெரும்பாலும் ரெட் ஹேட்டைத் தழுவியவை. அதனால் அந்தத் தலைமுறைக்கு லினக்ஸ் என்றால் ரெட் ஹேட். 1998-இல் தொடங்கிய சென்னை லினக்ஸ் பயனர் குழு, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் ஐஐடி வளாகத்தில் கூடியது. குறுந்தகடு கைமாறுவதற்கு அப்படிப்பட்ட கூட்டங்களும் ஒரு வழி. பிறகு உபுண்டு ஒரு காரியம் செய்தது. 2005 முதல் 2011 வரை, கேட்டவர்கள் எல்லோருக்கும் உலகின் எந்த மூலையாக இருந்தாலும் குறுந்தகட்டைத் தபாலில் இலவசமாக அனுப்பியது. 700 எம்பி கோப்பு ஒன்றை 256 கேபிபிஎஸ் இணைப்பில் இறக்க ஆறு மணி நேரம் ஆகும். டயல்-அப் என்றால் ஒரு முழு நாளுக்கு மேல். மாதத்துக்கு இவ்வளவுதான் இறக்கலாம் என்ற வரம்பு வேறு. அந்த நாளில் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த உறை எத்தனை பேரை உபுண்டுக்காரர்கள் ஆக்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தொழில்நுட்பத்தில் அது டெபியனைவிடப் பெரிதாக ஒன்றும் உயர்ந்துவிடவில்லை. கைக்கு எட்டியது, நிறுவ எளிதாக இருந்தது, வைஃபையும் ஒலியும் பெரும்பாலும் முதல் நாளே வேலை செய்தன.

வைஃபை சின்ன விஷயமாகத் தோன்றலாம். என் கணிப்பில், வீட்டுப் பயனர்கள் டெபியனை விட்டு உபுண்டுவுக்கும் மின்ட்டுக்கும் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. பிராட்காம், ரியல்டெக் போன்றோரின் வைஃபை சில்லுகள் பலவற்றுக்கு அந்தந்த நிறுவனமே தரும், சில்லை இயக்கும் மூடிய ஃபெர்ம்வேர் கோப்பு தேவை. கட்டற்ற மென்பொருள் கொள்கையில் உறுதியான டெபியன், அந்தக் கோப்புகளைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் தட்டில் நெடுங்காலம் சேர்க்கவில்லை. கொள்கை மதிக்கத்தக்கது. ஆனால் நிறுவி முடித்தவருக்கு இணையம் வராது. இணையம் இல்லாமல் அந்தக் கோப்பை இறக்கவும் முடியாது. அந்த இடத்தில் ஒரு புதியவரின் ஆர்வம் செத்துப்போகும். 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுத்து, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அந்தக் கோப்புகளை நிறுவல் தட்டிலேயே சேர்த்தார்கள். டெபியனில் வைஃபை வராது என்று இன்றும் யாராவது சொன்னால் அது பழைய தகவல்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். 2006-2008 காலத்தில் தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தவர் ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர். அப்போது எல்காட் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. பள்ளிகளுக்குப் போன கணினிகளிலும் சூசே ஏறியது. ஒரு மாநில அரசு நிறுவனம் இந்த அளவுக்கு இறங்கியது இந்தியா முழுக்கப் பேசப்பட்டது. அதே சமயத்தில் சென்னையில் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. சென்னை சி-டாக் நிறுவனமும், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்து, மத்திய அரசு நிதியில் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தின. அந்த முயற்சியில் 2007 ஜனவரியில் வெளிவந்ததுதான் பாஸ், அதாவது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். இந்திய மொழிகள் முதலிலிருந்தே வேலை செய்ய வேண்டும், அரசு அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் பொருந்த வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூர் அருகே காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஆவடியிலிருந்து அதே ரயில் பாதையில் போனால் எட்டும் ஊர் அது. அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. இயக்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பிறகு 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பியின் ஆதரவு முடிந்தபோது, அரசுத் துறைகள் பாஸுக்கு மாற வேண்டும் என்று தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது.

மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்களில், நம்மூரிலேயே உருவான ஓர் இயங்குதளம், பணம் எதுவும் கேட்காமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. ஆனாலும் இந்தப் பக்கத்து வீடுகளில் பாஸைப் பயன்படுத்துகிறேன் என்று சொல்பவரைப் பார்ப்பது அரிது. பலர் முதல் வேலையாக அந்தப் பகுதியை அழித்துவிட்டு, அந்த இடத்தையும் விண்டோஸுக்கே கொடுத்துவிட்டார்கள். லினக்ஸில் ஆர்வம் வந்த மாணவர்களும் பாஸைத் திறக்காமல் உபுண்டுவையோ மின்ட்டையோ பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

பாஸ் மோசமாக இருந்ததால் இப்படி ஆனது என்று நான் நினைக்கவில்லை. அடியில் இருப்பது டெபியன். தரத்தில் குறை சொல்ல இடம் குறைவு. மூன்று வேறு காரணங்கள் தெரிகின்றன.

ஒன்று, கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் பொருள் மட்டும் வந்தது. பிளஸ் டூ மாணவரின் கணினி ஆசிரியர் விண்டோஸில்தான் பாடம் எடுத்தார். மாணவர் பிரவுசிங் சென்டரில் பார்த்ததும் விண்டோஸ். லேப்டாப்பை இயக்கியதும் இரண்டு பெயர்கள் வந்தால், அறிந்த பெயரைத்தான் கை தேடும்.

இரண்டாவது காரணம் அதிகம் பேசப்படாதது. தமிழ்நாடு லினக்ஸ் குடும்பத்தை மாற்றிக்கொண்டே வந்தது. சூசேயில் மென்பொருளை நிறுவும் முறை வேறு, அமைப்புகளை மாற்றும் யாஸ்ட் என்ற கருவி வேறு. பாஸ் டெபியன் குடும்பம். அங்கே மென்பொருளை நிறுவுவதெல்லாம் ஏபிடி என்ற கருவி வழி. சூசேயில் கஷ்டப்பட்டுக் கற்ற ஓர் ஆசிரியரோ அலுவலரோ, சில ஆண்டுகளில் பாஸ் வந்தபோது மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இயங்குதளத்தில் பழக்கம் என்பது சேமிப்பு. அதைக் கரைக்கச் சொன்னால் யாரும் இரண்டாம் முறை சேமிக்க மாட்டார்கள்.

பக்கத்திலேயே கேரளம் இதற்கு நேர்மாறான பாதையில் போனது. 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், 2005 வாக்கில் கட்டற்ற மென்பொருளுக்குத் திரும்பியது. முதலில் டெபியனைத் தழுவிய ஒரு தொகுப்பு, பின்னர் உபுண்டுவைத் தழுவியது, குடும்பம் அதேதான். இப்போது கைட் என்று பெயர் பெற்ற அந்த அமைப்பு, இயங்குதளத்தைக் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பாடநூல், செய்முறை, பத்தாம் வகுப்பு ஐடி தேர்வு எல்லாவற்றையும் அதே லினக்ஸில் அமைத்தது. 2019-இல் உபுண்டு 18.04-ஐ அடிப்படையாகக் கொண்ட பதிப்பை இரண்டு லட்சம் பள்ளிக் கணினிகளுக்குக் கொண்டுபோகும்போது, இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கைட் கணக்குச் சொன்னது. பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அங்கே ஒரு மாணவர் வீட்டில் மாட்டிக்கொண்டால், பள்ளியில் கேட்பதற்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார். அவரும் அதே திரையைத்தான் தினமும் பார்க்கிறார்.

மூன்றாவது காரணம் பாஸின் வெற்றியிலேயே இருக்கிறது. இந்திய மொழி ஆதரவு ஒரு காலத்தில் பாஸைத் தனித்துக் காட்டியது. ஆனால் திறந்த மூல உலகில் மொழி வேலை ஓரிடத்தில் தங்காது. தமிழ் எழுத்துருக்கள், தமிழ் மொழிபெயர்ப்புகள், தமிழ்நெட் 99 விசைப்பலகை எல்லாம் பொது மூலத்துக்குப் போய், அங்கிருந்து எல்லா விநியோகங்களுக்கும் இறங்கின. இன்று உபுண்டுவிலோ ஃபெடோராவிலோ அமைப்புகளைத் திறந்து, விசைப்பலகைப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் தட்டச்சு செய்யலாம். தமிழுக்காகத் தனி இயங்குதளம் தேவை என்ற நிலை போய்விட்டது. இது தோல்வி அல்ல, நல்ல செய்தி. ஆனால் பாஸைத் தேர்ந்தெடுக்க ஒரு வீட்டுப் பயனருக்கு இருந்த தனிக் காரணமும் அதோடு கரைந்தது.

அரசுக்கு வேறு காரணங்கள் உண்டு. 2023 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சகம் தன் கணினிகளை விண்டோஸிலிருந்து மாயா என்ற இயங்குதளத்துக்கு மாற்றுகிறது என்று செய்தி வந்தது. அதுவும் உபுண்டுவின் மேல் கட்டியது. கடற்படை ஒப்புதல் அளித்துவிட்டது, தரைப்படையும் விமானப்படையும் பரிசீலிக்கின்றன என்பதே அப்போதைய நிலை. விமானப்படை நிலையத்தைப் பக்கத்தில் வைத்திருக்கும் முத்தாபுதுப்பேட்டைக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. பாதுகாப்புத் துறை கேட்பது இதுதான்: நிரலை நாமே பிரித்துப் பார்க்க முடிய வேண்டும், திருத்தம் எப்போது எங்கிருந்து வரும் என்பது நம் கையில் இருக்க வேண்டும். அந்தத் தேவைக்கு அது சரி. ஒரு ராணுவ அலுவலகத்துக்குச் சரியானது ஓய்வுபெற்ற ஒருவரின் வீட்டுக்கும் சரி என்று ஆகிவிடாது. வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

அந்தக் கேள்வியில் முதன்மையானது காலம். உபுண்டுவின் நீண்ட ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுகள் திருத்தம் உண்டு. இடையில் வரும் பதிப்புகளுக்கு ஒன்பது மாதம்தான். உபுண்டு 24.04-இன் மேல் கட்டிய மின்ட் 22, 2029 வரை செல்லும். டெபியனின் நிலைப் பதிப்புக்கு மூன்று ஆண்டு முழு ஆதரவும், அதன்மேல் இரண்டு ஆண்டு நீட்டிப்பும் கிடைக்கும். ஃபெடோராவின் ஒரு பதிப்பு ஏறக்குறைய 13 மாதம் ஓடும். ஆர்ச் லினக்ஸுக்குப் பதிப்பே கிடையாது. புதியது வர வர ஏறிக்கொண்டே இருக்கும். நிரல் எழுதுகிறவர்களும் புத்தம்புதிய கணினி வாங்கியவர்களும் ஃபெடோராவையும் ஆர்ச்சையும் விரும்புவது இதனால்தான்: புதிய வன்பொருளுக்குப் புதிய கர்னல் வேண்டும். பழைய லேப்டாப்பில் இணையம் பார்த்து, மின்கட்டணம் கட்டி, பேரனோடு வீடியோவில் பேசுகிறவருக்கு அந்த அவசரம் இல்லை. எதுவும் இடம் மாறாமல் ஐந்து வருடம் அப்படியே இருப்பது அவருக்குப் பெரிய வசதி.

பழையதாக இருப்பது பாதுகாப்புக் குறைவு இல்லையா என்று கேட்பார்கள். 2024 மார்ச்சில் நடந்த எக்ஸ்இசட் விவகாரம் இதற்கு நல்ல விடை. கோப்பைச் சுருக்கும் அந்தச் சிறு மென்பொருளுக்குள், ஜியா டான் என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் ரகசியக் கதவு ஒன்றைப் பொருத்திவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ரூண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் எஸ்எஸ்எச் வழியான தொலை நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்ததில் அது வெளிப்பட்டது. பாதிப்புள்ள 5.6.0, 5.6.1 பதிப்புகள் டெபியனின் சோதனைப் பிரிவுக்கும் ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்புக்கும் போயிருந்தன. டெபியனின் நிலைப் பதிப்பு தொடப்படவே இல்லை. அதில் இருந்தது பழைய 5.4. உபுண்டு 24.04-இன் முன்னோட்டத்தை ஒரு வாரம் தள்ளிவைத்து எல்லாவற்றையும் மறுபடி கட்டினார்கள்.

நேர்மையாகச் சொல்வதானால் மறுபக்கமும் உண்டு. 2006-இல் டெபியன் பராமரிப்பாளர் ஒருவர் மறையாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் செய்த சிறு மாற்றம், ரகசியச் சாவிகளை உருவாக்கும் எண்களின் தற்செயல்தன்மையைக் கெடுத்துவிட்டது. 2008 மே மாதம் அது தெரியவந்தபோது, ஒவ்வொரு சாவி வகைக்கும் சாத்தியமான சாவிகள் 32,768 மட்டுமே என்றானது. டெபியனிலும், அதிலிருந்து பிறந்த உபுண்டுவிலும் அந்தக் காலத்தில் உருவான சாவிகளைக் கழித்துக்கட்ட வேண்டியதாயிற்று. ரெட் ஹேட்டில் அந்தப் பிழையே இல்லை. விநியோகம் செய்பவர்கள் மூல நிரலைத் தொடுகிறார்கள், அதன் பலனும் பழியும் குடும்பம் முழுக்க இறங்குகின்றன என்பதற்கு இது சான்று. பிறந்த பிள்ளை ஒவ்வொன்றும் தாயிடமிருந்து திருத்தத்தை வாங்கித் தன் பயனருக்குச் சேர்க்க வேண்டும். இடையில் ஒரு கை கூடினால் ஒரு தாமதமும் கூடலாம். அனுபவசாலிகள் நேரடியாக டெபியனுக்கே போவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

ஆதரவு பற்றிக் கொடுத்த வாக்கு மாறினால் என்ன ஆகும் என்பதை நிறுவனங்களின் சர்வர் அறைகள் அனுபவித்தன. ரெட் ஹேட்டின் நிரலை அப்படியே மறுபடி கட்டி இலவசமாகத் தந்த சென்ட்ஓஎஸ், உலகெங்கும் சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் எட்டாம் பதிப்பு 2029 வரை வரும் என்று நம்பி நிறுவியிருந்தார்கள். 2020 டிசம்பரில், அது 2021 இறுதியோடு முடியும் என்று ரெட் ஹேட் அறிவித்தது. நிரலில் ஒரு வரிகூடக் கெடவில்லை. மாறியது தேதி மட்டும். அந்த இடத்தை நிரப்ப அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் பிறந்தன. பலர் டெபியன் பக்கம் போய்விட்டார்கள். அம்பத்தூரிலும், 2024-இல் திறந்த பட்டாபிராம் டைடல் பூங்காவிலும் வேலை பார்க்கும் கணினிக்காரர்களிடம் கேட்டால், சர்வருக்கு இயங்குதளம் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்ப்பது ஆதரவு முடியும் தேதியைத்தான் என்பார்கள்.

திரையின் தோற்றம் அற்பமான காரணம் என்று தொழில்நுட்பர்கள் சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 2011 ஏப்ரலில் க்னோம் என்ற திரையின் மூன்றாம் பதிப்பு வந்தது. அதே மாதம் உபுண்டு தன் யூனிட்டி திரைக்கு மாறியது. கீழே பட்டை, மூலையில் மெனு, திறந்த ஜன்னல்களின் வரிசை என்று பதினைந்து வருடமாக மக்கள் பழகிய அமைப்பு ஒரே இரவில் போனது. அப்போது மின்ட் தன் பயனர்களிடம் பழைய அமைப்பு தொடரும் என்று சொன்னது. அதற்காக சின்னமன் என்ற திரையையே எழுதியது. மின்ட்டுக்கு ஆட்கள் திரண்டார்கள். 2017-இல் உபுண்டுவே யூனிட்டியைக் கைவிட்டு க்னோமுக்குத் திரும்பியது. உபுண்டு தன் சொந்த ஸ்னாப் முறையில் மென்பொருள் தரத் தொடங்கியபோதும் இதே கதை. 22.04-இல் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப்பாக வந்து, பழைய வன்தட்டுக் கணினிகளில் முதல் முறை திறக்க நேரமெடுத்தது. மின்ட் 2020-லேயே ஸ்னாப் தானாக நுழைவதைத் தடுத்துவிட்டது. கணினியை எப்போதாவது திறக்கும் வயதானவருக்கு, நேற்று இருந்த பொத்தான் இன்றும் அங்கேயே இருப்பது அவருக்குத் தரும் மரியாதை.

லினக்ஸுக்கு வெளியேயும் திறந்த மூல இயங்குதளங்கள் உண்டு. ஃப்ரீபிஎஸ்டியில் கர்னலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே குழுவின் கையில் உருவாகின்றன. அதன் உரிமம், எடுத்துக்கொண்டவர் தன் மாற்றங்களைத் திருப்பித் தரத் தேவையில்லை என்கிறது. நெட்ஃபிளிக்ஸ் படங்களை அனுப்பும் சர்வர்கள் அதில் ஓடுகின்றன. வீட்டு லேப்டாப்புக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். வைஃபை ஆதரவில் இன்னும் லினக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

சரி, அலமாரியில் இருக்கும் அந்த லேப்டாப்புக்கு எது? 4 ஜிபி நினைவகம் இருந்தால் மின்ட். 2 ஜிபிதான் என்றால் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, அல்லது அதே எளிய திரையோடு டெபியன். எதைப் போட்டாலும், பழைய சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போடுவதில் கிடைக்கும் வேகம் எந்த இயங்குதள மாற்றத்திலும் கிடைக்காது. நினைவகத்தை அதிகம் தின்பது இயங்குதளம் அல்ல, உலாவியில் திறந்துவைத்த பக்கங்கள் என்பதையும் நினைவில் வைக்கலாம். நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பாருங்கள். வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, வீட்டுப் பிரின்டர் அச்சிடுகிறதா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். டேலி வைத்துத் தொழில் நடத்துகிறவர்களும், வானவில் எழுத்துருவில் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை வைத்திருக்கும் டிடிபி கடைக்காரர்களும் அவசரப்பட வேண்டாம். அவை விண்டோஸில்தான் ஓடும். இன்னொன்று: உங்கள் தெருவில் ஒருவர் ஏற்கெனவே உபுண்டுவோ டெபியனோ பாஸோ பயன்படுத்தினால், நான் சொன்னதை விட்டுவிட்டு அவர் பயன்படுத்துவதையே போடுங்கள். தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள 2012 முதல் வெளிவரும் கணியம் இதழின் கட்டுரைகள் இருக்கின்றன. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுக்க ஓர் ஆள் இருப்பது தனி பலம்.

அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தார்கள். அந்தக் கணினிகளில் பாஸ் இருக்குமானால், 2011-இல் விட்டதை இந்த முறை விடக் கூடாது. எந்தப் பதிப்பு, எந்த டெபியனிலிருந்து வந்தது, எந்தத் தேதிவரை திருத்தம் வரும் என்பதைக் கணினியின் அடிப்பக்கத்தில் தமிழில் ஒட்டித் தர வேண்டும். அரசு கலைக் கல்லூரிகளில் குறைந்தது ஓர் ஆய்வகமாவது அதே பாஸில் ஓட வேண்டும். அங்கே பாடம் எடுக்கும் ஆசிரியருக்கு, மாணவர் கைக்குக் கணினி போவதற்கு முந்தைய பருவத்திலேயே பயிற்சி முடிந்திருக்க வேண்டும். சி-டாக் தரமணியில் இருக்கிறது. பயிற்சி கொடுக்க வேறு மாநிலத்திலிருந்து யாரையும் அழைத்து வர வேண்டியதில்லை.